பன்னிரண்டாம் பிரிவு

வாடகை ஒப்பந்தத்தில் பன்னிரண்டாம் பிரிவு:
மயில்கள் வீட்டோடு சேர்ந்தவை.
ஒரு சேவல், இரண்டு பேடு.
தகரக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும்
அவற்றுக்கே உரியன.
என்ன போடுவது என்று மட்டும்
எழுத மறந்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் படத்து மயில்.
அதன் காலடியில் ஒரு பாம்பு நெளியும்.
அது தீனியா பகையா என்று
எந்தக் கோயிலிலும் நான் கேட்டதில்லை.

முதல் வாரம் மிஞ்சிய சோறு,
பருப்போடும் உப்போடும்.
மறுநாள் காலை கார்க் கண்ணாடி முழுக்கப்
பதில் எழுதியிருந்தன.

பிறகு கோதுமை, மூட்டை மலிவு.
இரண்டு மாதத்தில் சேவல்
வேலியேறுவதற்கு
மூன்று முறை யோசித்தது.
பிறகு முட்டைக்கோழித் தீனி.
கோழிக்கு ஆவது மயிலுக்கு ஆகாதா?

லெய்ட்லித் தீவனக் கடை டோரீன்
கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.
"அதில் சுண்ணாம்பு கூட.
முட்டையிடாதவனுக்கு அது
சிறுநீரகத்தில் போய் உட்காரும்.
காடை கௌதாரித் தீனி கொண்டுபோ,
புரதம் இருபது சதவீதம்.
கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வை.
வேண்டியவள் எடுப்பாள்."

வேண்டியவள் எடுப்பாள்.
பள்ளத்தாக்கின் வெங்காய வயல்களைக் கடந்து
வீடு வரும்வரை
அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.
எங்கள் வீட்டில் ஒரு பானை, ஒரு கரண்டி,
ஒரே உப்பு எல்லாருக்கும்.

புரொக்கோலி அடைக்கும் கொட்டகையில்
பூ பெட்டிக்கு, இலை குப்பைக்கு.
மேற்பார்வை தெவிட்டா
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க
ஒரு சாக்கு இலை என்னோடு வீட்டுக்கு வரும்.
பக்கத்து வீட்டு இயன் ஒரு கூடை அவகாடோ தந்தான்.
பறவைக்கு அது நஞ்சாம்.
பத்து நாள் நாங்களே தின்று தீர்த்தோம்.

உலர்ந்த புழுப் பெட்டியை மட்டும்
சிவகௌரி உள்ளே விடவில்லை.
வெள்ளி செவ்வாய் சைவம் பார்க்கிற வீடு.
அது சலவை இயந்திரத்துக்குப் பின்னால்
தூள் டப்பா போல நின்றது.

மயிலே மயிலே என்றால் இறகு போடுமா?
போட்டது. யாரும் கேட்கவில்லை.
ஜனவரி வெயிலில், குப்பைத்தொட்டி அருகே,
கொடிக்கயிற்றின் கீழே,
நூற்றுப்பத்துக்குப் பிறகு நான் எண்ணவில்லை.
தோகையில்லாத சேவல்
யாரோ வைத்துவிட்டுப் போன
நீலக் கூசா போல நின்றது.

"இறகு என்றால் முழுக்கப் புரதம்,"
தொலைபேசியில் டோரீன்.
"இப்போதுதான் பசிக்கும். கூட்டிப் போடு."

அன்று வெள்ளிக்கிழமை.
நான் இரவு வேலை முடிந்து வந்தபோது
சிவகௌரி தலை முழுகிய ஈரத்தோடு
புற்களுக்கு நடுவே குந்தியிருந்தாள்.
மாவிளக்குத் திரி எடுக்கும் இடுக்கியால்
ஒவ்வொரு புழுவாக.
அடுத்த வெள்ளி இடுக்கி இல்லை,
உள்ளங்கை.
சேவல் கொத்தக் கொத்த
"மெல்ல, மெல்ல" என்றாள்.

கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.
பிறகு என் பக்கம் திரும்பினாள்.
"உங்களுக்கு என்ன சமைக்க?"
ஒன்பது வருடத்தில்
அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
கொஞ்ச நேரம் நின்றேன்.
உப்புக் கொஞ்சம் குறைய, என்றேன்.