முப்பது ஆம்ப்

முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து
திருவொற்றியூரிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார்
பல் டாக்டர் ஜெசிந்தா.
கொழுந்தன் ஆள் உயரம். ஞாயிற்றுக்கிழமை
பட்டனை அமுக்கிச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான்,
அத்தோடு செத்தது.
இவர் கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

போட்ட ஃப்யூஸ் பட்டென்று போனது.
இன்னொன்று. அதுவும்.
மூன்றாவதை வீணாக்காமல்
ஃப்யூஸ் இருந்த இடத்தில்
பழைய ஹெட்லைட் பல்பைக் கோத்தேன்.
பளீரென்று எரிந்தது.
எரிந்தால், ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது.
வெளிச்சம்தான் கோளாறு.
அது அணைகிற இடத்தைத் தேட வேண்டும்.

மோட்டார் பிளக்கைப் பிடுங்கினேன். எரிந்தது.
ஸ்விட்சைக் கழற்றினேன். எரிந்தது.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
துறைமுகத்துக்கு வரிசை கட்டிய கன்டெய்னர் ஒன்று
ஓரடி நகர, தரை அதிர,
பல்பு ஒரு தரம் கண் சிமிட்டியது.

அப்போ சீட்டுக்கு அடியில்.

நாலு போல்ட். சீட்டை மல்லாத்தினேன்.
கடல் மணல், பாதி முறுக்கு,
ஒற்றைக் கம்மல். "என்னுது இல்ல,
வண்டி ரெண்டாம் கை" என்றார்.
ரயிலுக்கடியில் நழுவிய சிவப்பு ஒயர்:
சீட்டு போய்வந்த தடவையெல்லாம் சீவிச் சீவி
அரிசி நீளத்துக்குச் செம்பு.
விரலால் தூக்கினேன்.
பல்பு அணைந்தது.

விட்டேன், எரிந்தது. தூக்கினேன், அணைந்தது.
பிடிபட்ட சந்தோஷத்தில் நாலு தடவை.
ஐந்தாவதில்தான் நூலைப் பார்த்தேன்.

கம்பெனி கிளிப்பை வெட்டி எறிந்துவிட்டு
ஸ்பீக்கர் ஒயரோடு சேர்த்துக் கட்டிய நூல்.
பச்சை நைலான், காசிமேட்டில் வலைக்கு விற்பது.
இரண்டு சுற்று, ஓர் இழுப்பு,
நுனி நெருப்பில் பொசுக்கியது.
தண்டையார்பேட்டையில் ஒயருக்கு அதைக் கட்டுகிற ஆள்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

எந்த ஓனர், எந்தச் சாயங்காலம், என்ன அவசரம்,
எனக்கு ஒன்றும் நினைவில்லை.
முடிச்சுக்கு இருந்தது.

"என்னவாம்?"
"முன்னாடி எவனோ செஞ்ச வேல, மேடம்."
சிரித்துவிட்டார்.
"பேஷண்ட் வாயத் தொறந்ததும்
நாங்களும் இதத்தான் சொல்லுவோம்."

குனிந்து சால்டர் வைத்தேன்.
துணி டேப். புதுக் கிளிப் மூன்று,
இரண்டு போதும் என்றாலும்.
சீட்டு முனகிக்கொண்டே முன்னால் வந்தது.
ஃப்யூஸ் காசு மட்டும் சொன்னேன்.
ஏன் இவ்வளவு கம்மி என்று அவர் கேட்கவில்லை,
தலையணைகளைப் பின்னால் எறிந்துவிட்டுக் கிளம்பினார்.

அறுத்த நூலைச் சட்டைப்பையில் போட்டேன்,
கூடவே பல்பையும்.
அது இன்னும் ஆறவில்லை.