ஒன்றே முக்கால் கிலோ நாய்

பழைய சோனகத் தெருவில்
கம்பியை நிறுத்துத்தான் தருவார்கள்.
"ஸ்லாப்புக்கா மகள், பீமுக்கா?"
தராசிலிருந்து கண் எடுக்காமல் சவாஹிர் நானா கேட்டார்.
நாய்க்கு என்றேன்.
"கூடு கட்டவா?"
இல்லை, நாயையே கட்ட.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு
இரண்டு கிலோவுக்கு மேல்
பூ விற்பவர் மாதிரி
ஒரு முழம் கூட விட்டார்.

பதினாறாம் கேஜ் கட்டுக்கம்பி.
சுருளிலிருந்து இழுத்தால்
சுருளின் ஞாபகத்தோடுதான் வரும்.
கதவுப் பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி
பின்னால் சாய்ந்து
என்னை முழுதாகக் கொடுத்து இழுக்கவேண்டும், நேராக்க.
அப்படியும் முறுகின இடம் முறுகினதுதான்.
குறடு அதை மறைக்கும்,
மாற்றாது.

கொட்டாஞ்சேனையில் பெரியம்மா சொன்னா:
"கம்பி எண்ணினவனைத் தெரியும்,
கம்பி நீட்டினவன் உன்ர கொப்பன்,
கம்பி வளைக்கிறவளை இப்பதான் பாக்கிறன்."
எல்லாரும் சிரித்தோம்.
அம்மா மட்டும்
கிலோ என்ன விலை என்று கேட்டா.

மாதிரிக்கு இருந்தது
அல்பர்ட் கிரெசன்ட் கேற்றடியில் படுக்கும் செம்மண் நிற நாய்.
செக்யூரிட்டி அதை 'சேர்மன்' என்று கூப்பிடுவார்.
ஒரு பக்கம் முடியுமுன் மறுபக்கம் புரளும்.
முதுகெலும்பில் தொடங்கினேன்.
கழுத்து,
பிறகு பிழையான கழுத்து,
பிறகு கழுத்து.
அது மூச்சை இழுக்கும்போது ஒரு விலா,
விடும்போது ஒரு விலா என்று வளைத்ததில்
என் நாய் பாதி மூச்சில் நின்றுவிட்டது.

வெள்ளவத்தை அறையில் சுகிர்தா
கோல் சென்டரில் இரவு முழுக்கப் பேசிவிட்டு வந்து
வெறுங்காலோடு மிதித்தாள்.
"நாய் இன்னும் முடியேல்ல, அதுக்குள்ள கடிக்குது."
வெட்டுத் துண்டுகளைக் கூட்டி அள்ளி
மா நிறுக்கிற தராசில் வைத்தாள்.
கால் கிலோ.
"நூற்றைம்பது ரூபா என்ர காலுக்குள்ள"
என்றாள்.
மிச்சம்தான் நாய்.

மதிப்பீட்டு நாளில் தில்ருக்‌ஷி மிஸ்
இரண்டு தரம் சுற்றிவந்தார்.
குந்தியிருந்து வயிற்றுக்குள்ளால் மறுபக்கச் சுவரைப் பார்த்தார்.
"பர" எங்கே என்றார், சிங்களத்தில்.
அவருடைய பர, என்னுடைய பாரம்:
இடையில் ஒரு துணைக்காலும் ஒரு மகர ஒற்றும்.
"ஒன்றே முக்கால் கிலோ, மிஸ்."
வகுப்பு சிரித்தது.
அவர் சிரிக்காமல் எதையோ எழுதினார்.

படுத்திருக்கும் நாயின் பாரம்
நாயில் இல்லை, தரையில் இருக்கிறது
என்று சொல்லியிருக்கலாம்.
அந்த வசனம் சிங்களத்தில்
நூற்றைம்பத்தைந்தில் ஏறின பிறகுதான் வந்தது.

கண்டக்டர் நாய்க்கும் அரை டிக்கெட் கிழிக்கவா என்றான்.
மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்துச் சீட்டுப் பிள்ளை
தன் கையை மெல்ல விலாவுக்குள் விட்டு
அங்கேயே வைத்துக்கொண்டு
தாயைப் பார்த்தது.
தும்முல்லையில் மழை.
ஜன்னல் இறுகி மூட மறுத்தது.
நாய்க்கு மேலே பெய்தது,
நாய்க்கு உள்ளேயும் பெய்தது,
பிறகு என் பாவாடையில்.

மூன்றாம் கிழமை துரு.
எல்லா இடத்திலும் இல்லை.
தாடையின் கீழ்,
இடது பின்காலில்,
அந்த இரண்டாம் கழுத்தை அவிழ்த்த இடத்தில்.
முடிவெடுக்கத் தெரியாமல்
நெடுநேரம் நான் விரல் வைத்திருந்த இடங்களில் மட்டும்
என் வியர்வை
சேர்மனின் நிறத்தில் வெளியே வந்திருந்தது.

மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும்.
காலை எட்டு மணி.
சுகிர்தா தன் கம்பனி அடையாள அட்டையை
அதன் காதில் மாட்டிவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிறாள்.