எழுத்து எழுத்தாக

சுப்பீரியர் நகரம், பிப்ரவரி மாதம்.
மாவட்டச் சிறையின் இரண்டாம் மாடியில் என் மேசை.
ரேடியேட்டர் அவ்வப்போது இருமும்.
சன்னலுக்கு வெளியே ஏரி
இரண்டடிப் பனிக்கட்டியாய் இறுகிக் கிடக்கும்.
தாதுக் கப்பல்கள்
மார்ச் கடைசி வரை அசையா.

அந்த வருடம் படிவத்தில் புதிதாய் ஒரு கட்டம்.
பெயர், முகவரி, முந்தைய வேலை,
அதற்குக் கீழே
கணக்கின் கடவுச்சொல்.
கும்பல்களோடு தொடர்பு உண்டா என்று பார்க்க,
என்றது சுற்றறிக்கை.
கேட்கச் சொன்னார்கள், கேட்டேன்.
இதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும்
இந்த ஒரு வரி மட்டும்
அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்துவிடுகிறது.

மார்னி லாக்ஸோ. முப்பத்து நான்கு வயது.
இரவுக் காவல் வேலைக்கு வந்திருந்தாள்.
பூட்ஸில் ஒட்டிய சாலை உப்பை
மிதியடியில் இரண்டு முறை தேய்த்துவிட்டே
உள்ளே காலெடுத்து வைத்தாள்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.
விரலால் தொட்டுக் காட்டினேன்.
"கட்டாயமா?"
"இல்லை, உங்கள் விருப்பம்தான்."
"விருப்பம் இல்லையென்றால்?"
நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.
ஒரு விரலால் தட்டினேன்.
முதலில் ஒரு சொல்
(அவள் அண்ணனோடு ஏரியில் மூழ்கிய
படகின் பெயர் என்று
பத்து நிமிடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்),
பிறகு ஒரு தேதி,
கடைசியில் ஆச்சரியக்குறி.
"ஆச்சரியக்குறி" என்று சொன்னபோது
அவள் குரலில்
எந்த ஆச்சரியமும் இல்லை.

திரை என் பக்கம் திரும்பியிருந்தது.
அவளுக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்.
நான் அவளை வாசிக்க வாசிக்க
அவள் என்னை வாசித்துக்கொண்டிருந்தாள்.

கும்பல் இல்லை. கைதி இல்லை.
பொரித்த மீன், ஒற்றைக் காது நாய்,
தெருப் பனியை அள்ளாத நகராட்சிக்கு
ஒரு நீண்ட வசவு. நல்ல வசவு.
அத்தோடு எழுந்திருக்கலாம்.
உள்பெட்டியைத் திறந்தேன்.

அங்கே ஜொலீன் என்று ஒருத்தி,
என்னிடம் எந்த வேலையும் கேட்காதவள்,
அதிகாலை இரண்டு பத்துக்கு எழுதியிருந்தாள்:
இதுவும் தங்கவில்லை. யாரிடமும் சொல்லாதே.
இரண்டு பதினொன்றுக்கு மார்னி:
மாட்டேன்.

மாட்டேன் என்றவள்
மேசைக்கு அந்தப் பக்கம்
கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாய்
உள்ளிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

வேலை கொடுத்தோம்.
ஐந்து வருடம் நடைவழியில்
குட் மார்னிங் சொன்னாள், எப்போதும் முதலில்.
என் தொப்பியைப் பார்த்து.

சிறிய ஊர் இது.
டவர் அவென்யூ மளிகைக் கடையில்
மூன்றாம் கல்லாப் பெண்ணின் சட்டையில்
பெயர்ப்பட்டை: ஜொலீன்.
இன்னொரு ஜொலீனாக இருக்கலாம்.
முகப்புப் படத்தில் பார்த்த அதே மச்சம்.
காகிதப் பையா பிளாஸ்டிக்கா என்று கேட்டாள்.
எது சொன்னேன் என்று நினைவில்லை.

ஓர் அக்டோபரில்
அவள் வயிறு கல்லாப்பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.
இந்த முறை நல்லபடியாக,
என்று என் நாக்கு பாதி எழுந்துவிட்டது.
இந்த முறை.
முட்டை அட்டையைத் திறந்து
உடையாத பன்னிரண்டையும் எண்ணினேன்.
பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

பிறகு சட்டம் வந்தது.
படிவத்தில் கட்டம் போயிற்று.
பழைய தாள்களைக் கிழிக்கும் எந்திரம்
ஒரு மதியம் முழுக்க உறுமியது.
அன்று வீட்டுக்குப் போய்
என் கடவுச்சொல்லை மாற்றினேன்.
மனைவி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
இரண்டே வாரத்தில் அதை மறந்தும் போனேன்.

மார்னி தன்னுடையதை
அன்றிரவே மாற்றியிருப்பாள்.
மாற்றியிருக்க வேண்டும்.
இருந்தும்
டுலூத்துக்குப் போகும் பாலத்தில்
காற்று வண்டியைத் தள்ளும்போது
ஸ்டியரிங்கின் மேல் என் விரல்
தானாகத் தட்டுகிறது,
படகின் பெயரை, எழுத்து எழுத்தாக,
பிறகு தேதியை.