பற்றுச்சீட்டு

கொக்கட்டிச்சோலைத் தேர்நாள்.
பற்றுச்சீட்டுப் பொடியன் நிமிராமலே கேட்டான்:
"எந்தக் குடி?"

எட்டாம் ஹென்றியின் ஆறு பெண்சாதிமாரும்
பிசகாமல் வரிசையாய்
என் நாக்கில் வந்து நின்றார்கள்,
தலை போனவர்கள் உட்பட.
அம்மாவுக்கு அப்பால்
ஒரு பேரும் வரவில்லை.

மிஷன் பள்ளிக்கூட இடாப்பில்
சிஸ்டர் கேட்டது தகப்பன் பேர் மட்டும்.
தாய்க்கு ஒரு கோடு.
அந்தக் கோட்டின் மேல்தான்
நாற்பது வருஷம் கையெழுத்து வைத்தேன்,
சம்பளப் பட்டியலில், ஓய்வூதியப் பத்திரத்தில்.

பின்னால் ஐஸ்பழம் ஒழுக நின்ற ஒருத்தி சொன்னாள்:
"பணிக்கனா குடி, எழுது.
இவட தாயை எனக்குத் தெரியும்."

எழுதினான்.
பனிக்கனா.

சிவப்புப் பேனை பிடித்துப் பழகிய கை
சீட்டைத் திருப்பி நீட்டியது.
"மூன்று சுழி, மனே."