முதல் சொல்

ஸெனிட்சாவில் பனிக்காலம் வந்தால்
உருக்காலைப் புகை கீழே இறங்கி
தெருவோடு குடித்தனம் நடத்தும்.
சுகாதார நிலையத்து ஜன்னல் விளிம்பைக்
காலையில் ஒருமுறை துடைப்பேன், மதியம் ஒருமுறை.
இரண்டு முறையும் துணி கறுக்கும்.

என் மேசையில் ஒரு தகரப் பெட்டி.
ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு நீல அட்டை,
தள்ளிப் போனவர்களுக்கு மஞ்சள்.
மஞ்சள் கட்டுதான் தடிமன்.
அதில் ஒன்று என் தம்பி மகன் வேதாத்.

"பையன் பேசட்டும் அக்கா,
பேசின பிறகு போட்டுக்கலாம்."
ஊசி நாக்கைக் கட்டிவிடுமாம்.
யார் சொன்னது என்றேன்.
"டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும்தான்."

கோபப்பட முடியவில்லை.
தொண்ணூற்று மூன்றில் ஸெனாஹிதுக்கு ஒன்பது வயது.
அப்பா பத்து நாளில் திரும்புவார் என்று
சீல் குத்திய தாள் ஒன்று சொன்னது.
அன்றிலிருந்து சீல் குத்திய எதையும்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.

நான் எண்களைச் சொன்னேன்.
லட்சத்தில் இத்தனை, ஆயிரத்தில் இத்தனை.
எண்கள் யார் வீட்டிலும்
காபிக்கு உட்காருவதில்லை.
வதந்தி உட்காரும்,
இன்னொரு கோப்பையும் கேட்கும்.

முதலில் சளி. பிறகு பைராம்.
பிறகு எல்வீராவின் தங்கை கல்யாணம்.
பிறகு மறுபடி,
பேசட்டும்.

இரண்டே கால் வயதில் பேசினான்.
அம்மா இல்லை, அப்பா இல்லை.
கோப்பையை நகர்த்தப் போன என் கையைப் பிடித்து
"செக்காய்" என்றான்.
பொறு என்று அர்த்தம்.
அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது எங்களுக்கு.
எல்வீரா ஹல்வா கிளறினாள்.
கைப்பையில் மஞ்சள் அட்டை இருந்தது.
அந்தச் சந்தோஷத்தின் நடுவே எடுக்க மனம் வரவில்லை.
திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நினைத்தேன்,
நானும்.

மூன்று திங்கட்கிழமைகள் நழுவின.
நான்காவதில் தட்டம்மை வந்தது.
வெளிச்சம் கூசி
ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான்.
பதினோரு நாள். பிழைத்துக்கொண்டான்.
இடது காதில் சீழ் வடிந்து, வற்றி,
அந்தப் பக்கத்துக் கதவு மட்டும்
சாத்திக்கொண்டது.

நாக்குக்காகப் பயந்தோம்.
காதை ஒருவரும் நினைக்கவில்லை.

ஜூனில் ஸெனாஹித் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தான்,
பாக்கியிருந்த ஊசிகளுக்கு.
தாளை வாங்கினான். பழக்கம் விடவில்லை,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
பிறகு கையெழுத்துப் போட்டான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் எதுவும் சொல்லவில்லை,
என்ன இருக்கிறது சொல்ல.

"வலிக்காது கண்ணு" என்றேன்.
கேட்கவில்லை. நின்றது இடது பக்கம்.
சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன்.
வந்த பிறகு பொய் சொல்லத் தோன்றவில்லை.
"கொஞ்சம் வலிக்கும்."

சின்ன உள்ளங்கையை உயர்த்தி
"செக்காய்" என்றான்.

பொறுத்தேன்,
ஒரு மூச்சு விடும் நேரம்.
அதற்கு மேல் என்னிடம் இல்லை.