கணக்கு இலக்கம் 0417

நாவலப்பிட்டியில்
அம்பகமுவ வீதி வளைகிற இடத்தில்
மூன்று முகடாய்த் தகரக் கூரை போட்ட கட்டடம்.
மாதத்தில் ஒருநாள் எனக்கு அங்கே வேலை:
மீட்டரைப் பார்ப்பது, எண்ணை எழுதுவது, பில்லைக் கிழிப்பது.

பில்லில் இன்றைக்கும் வருகிற பெயர்
மெக்ராடி அன் கிரே, தேயிலைப் பெட்டி செய்வோர்.
மெக்ராடி செத்து எத்தனையோ மழை.
கிரே கப்பலேறிப் போனவர் போனவர்தான்.
பெயர் மாற்றும் படிவத்தில்
‘முந்தைய பாவனையாளரின் கையொப்பம்’ என்று ஒரு கட்டம்.
அதை நிரப்ப முடியாமல்
ஐந்து சொந்தக்காரர்கள் அவர்கள் பெயரிலேயே கட்டிவிட்டுப் போனார்கள்.

கந்தோரில் கறையான் தின்ற பேரேடுகளை
எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.
எரிக்குமுன் ஒரு மத்தியானம்
அவனுடைய பக்கத்தைத் தேடினேன்.
(கட்டடத்தை அவன் என்றே சொல்லிப் பழகிவிட்டது.)

வாள் ஓடிய வருஷங்களில்
ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு யூனிற்.
ஆணி அடித்தவர்கள் கையால் அடித்தார்கள்,
அது மீட்டரில் ஏறாது.
பெட்டிக்குள் குனிந்து ஈயத்தாள் ஒட்டிய பெண்கள்
இருமியதும் ஏறாது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வாள் நின்றது.
கூட்டுறவுக்காரர் கோதுமை மா அடுக்கினார்கள்.
மூட்டைக்கு வெளிச்சம் எதற்கு?
காவலாளிக்கு ஒரு பல்பு.
பதினொன்று. பன்னிரண்டு. பதினொன்று.
எட்டு வருஷம் இப்படியே,
தூங்குகிறவன் மூச்சுமாதிரி.

பிறகு எண்பத்துமூன்று, ஓகஸ்ட்:
முந்நூற்று நாற்பத்தாறு.

பெரிய கிளாக்கர் அதைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்.
வாசிப்புப் பிழையா? என்று கேள்வி.
கீழே நீலப் பென்சிலில், சிங்களத்தில்,
எனக்கு முன்னால் இந்த வீதியை நடந்தவர் எழுதியது:
‘பிழை இல்லை. திரும்பவும் போனேன்.
உள்ளே ஆட்கள்.
இரவில் ஒருவரும் விளக்கை அணைப்பதில்லை.
விக்கிரமபால.’

உத்தரத்தில் பெட்டிக் காலத்து ஹோல்டர் இருபத்துநான்கு.
நான் எண்ணியிருக்கிறேன்.
அறுபது வாட்ஸ் வீதம்,
இரவுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், இருபது நாள்.
பேரேட்டின் ஓரத்திலேயே பெருக்கிப் பார்த்தேன்.
முந்நூற்று நாற்பத்தைந்து புள்ளி ஆறு.
மிச்சம் புள்ளி நாலு.
யாரோ ஒருத்தி ஒரேயொரு தடவை
பால் சுடவைத்திருக்கலாம்.

செப்டெம்பர்: பதினொன்று.
எங்கே போனார்கள் என்பதற்குப்
பேரேட்டில் பத்தி கிடையாது.

தொண்ணூறுகளில் தையல் மெஷின் நாற்பது வந்து
எண்கள் மறுபடி நான்கு இலக்கமாகின.
ஒரு ஞாயிறு இரவு மெஷின்கள் லொறி ஏறின.
பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை
பூட்டைப் பார்த்துத்தான் தெரியும்.
சம்பளப் பாக்கிக்கு
கதவை உதைத்த தடம் அடியில் இன்னும் இருக்கிறது;
அதற்குமேல் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

இப்போது ரிஸ்மியின் கோப்பிக்கடை.
கோப்பி பட்டுப்போன மலையில்
கோப்பிக்கு நானூற்றைம்பது ரூபாய்.
சுவரைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே எடுத்தார்.
பெட்டியில் அச்சடிக்குமுன் பிரஷைத் துடைத்த
கறுப்பு எழுத்துகளுக்குக் கண்ணாடி போட்டார்.
ஹோல்டர் அதே இருபத்துநான்கு,
உள்ளே நாலு வாட்ஸ் மஞ்சள் பல்பு.
“கொஞ்சம் இருட்டா இருந்தாத்தான் அண்ணே
அந்தக் காலம் மாதிரி இருக்கும்” என்றார்.
நான் தலையை ஆட்டினேன்.
நீலப் பென்சில் பக்கம்
அப்போதும் என் பையில்தான் கிடந்தது.

“பில்லில இந்த வெள்ளைக்காரன் பெயரை
மாத்தலாமா?” என்று கேட்டவர்
அவரே யோசித்து,
“வேணாம், பிரேம் போட்டு மாட்டலாம்” என்றார்.
“கட்டிப்போட்டு மாட்டுங்க” என்றேன்.

இந்த மாதம் ஐந்நூற்று மூன்று.
பின்கதவருகே ஒரு பல்பு
பட்டப்பகலில் சும்மா எரிந்துகொண்டிருந்தது.
அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு
எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு
அடுத்த கடைக்கு இறங்கினேன்.