ஒன்பது நொடி

வெட்டுவது என் வேலை.
ரெசிஃபேயில், நான்காவது மாடியில்,
ஏசிக்கு அடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

அன்று வந்தது பதினோரு நிமிடம்.
உள்நாட்டு வறண்ட பூமியில் ஏதோ ஒரு நகராட்சிப் பள்ளி.
வலைத்தொப்பி மாட்டிய சமையல்காரி
தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள்,
ஜுசிலேய்டே,
பிழை வந்துவிடக் கூடாதென்று மறுபடியும் ஒருமுறை.

பிறகு பேசுகிறாள்.
'இந்த வாரம் அரிசியில் வண்டு இருந்தது.
மூட்டையைத் திருப்பி அனுப்பினேன்.
போன வருடத்திலிருந்து மூன்று கடிதம் போட்டிருக்கிறேன்,
நகல் இருக்கிறது, பாருங்கள்.
இன்றைக்கு மரவள்ளி, பூசணி, கோழி.
எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கினது.'
மூடியைத் திறக்கிறாள்.
ஆவியில் லென்ஸ் மங்குகிறது.
மங்கலுக்குள் ஒரு பையன்
இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறான்,
முதல் முறை வாங்காதவன் முகத்தோடு.

தயாரிப்பாளர் எவாண்ட்ரோ
என் தோளுக்கு மேலே குனிந்தார்.
'மங்கலா இருக்கே, தூக்கு.'
பையன்?
'பையன் சாப்பிட்டான்னா அது செய்தியா?'

தூக்கினேன்.
கடிதத்தைத் தூக்கினேன். திருப்பி அனுப்பிய மூட்டையை.
பூசணியை.

மிச்சம் ஒன்பது நொடி:
'இந்த வாரம் அரிசியில் வண்டு இருந்தது.'
கூடவே காட்ட ஒரு வண்டு வேண்டியிருந்தது.
பழைய பதிவுகளில் தேடி எடுத்தேன்,
வேறெந்த வருடத்திலோ
வேறெந்தக் கிடங்கிலோ ஊர்ந்த வண்டு.
திரை முழுக்க நின்றது, எருது மாதிரி.
கீழே சிவப்புப் பட்டையில்:
உங்கள் வரி, இவர்கள் தட்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான்.
எந்தச் சோறு என்று விரல் வைக்கிறவன் நான்.

அடுத்த வாரம் பேருந்தில் யாரோ சொன்னார்,
ஓசியில் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும்.
முடிவெட்டும் கடையில் வண்டு இரண்டாகி
கரப்பானும் சேர்ந்திருந்தது.
என் மைத்துனி
மகளின் பையில் பிஸ்கட் பொட்டலம் திணித்தாள்.
'டிவியில் காட்டினார்களே'
என்றாள், என்னிடமே.

மாதக் கடைசியில் அந்தச் சமையலறைக்குப் பூட்டு.
இப்போது லாரியில் வருகிறதாம்,
பிளாஸ்டிக் உறைக்குள் ஆறிப்போன பாஸ்தா.
ஒப்பந்தம் யாருக்கு என்று பார்த்தேன்:
அந்த மூட்டையை அனுப்பிய அதே கம்பெனி.
ஓடிப்போய்ச் சொன்னேன்.
எவாண்ட்ரோ காப்பியிலிருந்து நிமிரவில்லை.
'பள்ளிச் சாப்பாடு போன மாதமே பண்ணியாச்சு.'

தொண்ணூறு நாளில் மிச்சத்தை அழிக்க வேண்டும், விதி.
இன்று தொண்ணூற்று நான்கு.
பத்து நிமிடம் ஐம்பத்தொரு நொடி
என் மேசை இழுப்பறையில்,
விரல் நீளப் பென் டிரைவில்.
எதற்கு என்று கேட்காதீர்கள், தெரியவில்லை.
இரவு ஷிஃப்டில் சில சமயம் ஓடவிட்டு
அந்த ஆவியில் நிறுத்துவேன்.
தட்டு நீட்டியபடியே இருக்கும்.

நேற்று ஒளிபரப்பான பிரதியையும் போட்டுப் பார்த்தேன்.
அவள் முகத்துக்குக் கீழே
பெயரில் ஓர் எழுத்து குறைகிறது.